அவிராச்சன் கூப்பிட்டால் வரும்

எங்கள் நெடுங்கரியில் படகுப் போட்டி நடக்கும் நாளில் அவிராச்சனைக் கரையில் நிற்க விடமாட்டார்கள். விரோதம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் ஊர்ப் படகு முன்னால் வந்த சந்தோஷத்தில் அவன் வாய்விட்டுக் கத்தித் தொலைத்தான். பக்கத்து வயலில் மேய்ந்துகொண்டிருந்த அவனுடைய வாத்துக் கூட்டம் முழுவதும் வரப்பைத் தாண்டி ஆற்றில் குதித்து, துடுப்புகளுக்கு நடுவே நீந்தி, அவனைத் தேடி வந்துவிட்டது. ஊர்ப் படகு வாத்துகளுக்கு இடையில் திண்டாடி நிற்க, பின்னால் வந்த படகு கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அன்றிலிருந்து போட்டி நாளில் அவனைக் கள்ளுக்கடைக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். குடிக்கிற செலவு ஊருடையது.

அவன் பிறவி வாத்துக்காரன் இல்லை. நெல் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். முதுகு போன பிறகு, மனைவி ஏலிக்குட்டியின் காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்று வாத்துக் குஞ்சு வாங்கினான். குஞ்சுகளை அடுக்களையிலேயே பல்பு வெளிச்சத்தில் வைத்து வளர்த்தார்கள். தீனி போடும்போதெல்லாம் ஒரே மாதிரி சத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வாத்து வளர்க்கும் ஒவ்வொருவனுக்கும் தனிக் குரல் உண்டு. அந்தக் குரலுக்குத்தான் அந்தக் கூட்டம் வரும். இரண்டு பேருடைய கூட்டம் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டால் ஆளுக்கொரு கரையில் நின்று கூப்பிட்டால் போதும், வக்கீல் இல்லாமலே பாகப்பிரிவினை முடிந்துவிடும். அவிராச்சனுடைய குரல் 'ஹோ...ய், ஹோ...ய், தா' என்று அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வரும். கடைசி 'தா'வில் ஒரு கெஞ்சல் இருக்கும்.

"என்னைக் கூப்பிடணும்னா 'எடியே'ன்னு ஒரு வார்த்தை. வாத்துக்கு மட்டும் பாட்டு," என்பாள் ஏலிக்குட்டி.

"வாத்து கூப்பிட்டா வருது. நீ வர்றியா?" என்பான் அவன்.

போன வருஷம் அவனிடம் இருந்த கூட்டத்தில் ஒரு பெட்டை, சின்ன வயதில் நாய் கவ்வியதில் ஒரு கால் கோணிப்போனது. எந்தக் கூப்பாட்டுக்கும் அதுதான் கடைசியில் வரும். வந்ததும் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் வாய் தீனியை அதுதான் தின்னும். அவிராச்சன் அதற்கு 'மெம்பர்' என்று பெயர் வைத்திருந்தான். எங்கள் பஞ்சாயத்து மெம்பர் சுலோசனன் எந்த வீட்டு விசேஷத்துக்கும் கடைசியில் வந்து முதல் பந்தியில் உட்காருகிறவர். பெயர்க் காரணம் அவருக்கும் தெரியும். "என் பேரைக் கெடுக்காம நல்லா வளர்த்துடா," என்று அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

அவிராச்சனுடைய வாழ்க்கையில் வாத்து அவனை இரண்டு முறை கவிழ்த்தது. முதல் முறை சில வருஷங்களுக்கு முன். பறவைக் காய்ச்சல் என்றார்கள். ஒரு கூட்டத்தில் நோய் கண்டால் சுற்றுவட்டத்தில் இருக்கிற எல்லாக் கூட்டத்தையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மனிதனுக்கும் பரவும் என்றார்கள். வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பாவம், அவர்களுக்கு வாத்தைக் கடையில் தொங்கியபடி பார்த்துத்தான் பழக்கம். வலையும் கழியுமாக வயலெங்கும் துரத்தினார்கள். வாத்துகள் சேற்றில் சிக்கி, இறக்கை ஒடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்தன. தப்பியவை வாய்க்கால் வழியாக அடுத்த ஊருக்குப் போய் அங்கேயும் நோயைக் கொடுத்தன. அரைகுறை உயிரோடு தீயில் போட்டதையும் அவிராச்சன் பார்த்தான். ஒரு வாரம் வரை வரப்போரத்துக் கோரைக்குள்ளிருந்து செத்ததும் சாகாததுமாக எடுத்துக்கொண்டே இருந்தான். மனுஷன் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குக்கூட வரவில்லை.

அதற்கப்புறம்தான் அரசாங்கம் விழித்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சுகாதாரச் சட்டத்தை வைத்துக்கொண்டு இனிமேல் காலம் தள்ள முடியாது, மனிதனுக்கும் மிருகத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒரே சட்டம் வேண்டும் என்று சட்டசபையில் புது மசோதா கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று மாவட்டம் மாவட்டமாகப் போனது. எங்கள் பட்டணத்துக்கும் வந்தது. சுலோசனன் ஒரு படகு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்தில் டாக்டர்கள் பேசினார்கள், ஓட்டல்காரர்கள் பேசினார்கள், நாட்டு வைத்தியர்கள் எழுந்து நின்று சண்டை போட்டார்கள். பருப்பு வடை தீரப்போகிற நேரத்தில் சுலோசனன் அவிராச்சனை முதுகில் தள்ளினார்.

"எழுந்து பேசுடா. மைக்கே வேண்டாத ஆளு நீ ஒருத்தன்தான்."

அவிராச்சன் எழுந்தான். பேச ஆரம்பித்ததும் சேற்றில் செத்த வாத்துகள் எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டன.

"சாரே, கொல்ல வேண்டாம்னு நான் சொல்லல. எனக்கும் பேரப்புள்ளை இருக்கு. சீக்கு பரவும்னா கொல்லுங்க. ஆனா துரத்தாதீங்க. துரத்துறதுலதான் அது நாலு ஊருக்குப் போகுது. வளர்த்தவன் கூப்பிட்டா அது தானா வரும் சாரே. பயமில்லாம வரும். நாலு பேரு வலையோட அலைய வேண்டிய வேலையை ஒருத்தன் தொண்டை முடிச்சிடும். அதைச் சட்டத்துல எழுதுங்க."

குழுத் தலைவர் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் குனிந்து ஏதோ சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அவிராச்சன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வாழ்க்கையில் அவன் சொல்லி, படித்தவன் ஒருவன் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சட்டம் வந்தது. சுலோசனன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடிவந்தார். நோய் கண்ட வட்டாரத்தில் பறவை வளர்ப்பவர், அதிகாரி கேட்கும்போது, தன் பறவைகளைத் தானே ஒன்றுசேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நஷ்டஈடு கிடையாது, தண்டனை உண்டு. இந்த இரண்டாவது வாக்கியம் அவிராச்சன் சொன்னதில் இல்லை. அதை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். கேட்டவர்களில் யார் அதையெல்லாம் கவனித்தார்கள்? நம்ம ஆள் சொன்னது சட்டமாகிவிட்டது என்று கடை முழுக்க ஒரே கொண்டாட்டம். அன்று முதல் அவன் 'எம்.எல்.ஏ. அவிராச்சன்'. வாய்க்காலில் எதிரே படகு வந்தால், "எம்.எல்.ஏ. வர்றாரு, வழி விடுங்கடா," என்பார்கள். அவன் முறைப்பது போல முறைப்பான். உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விடும்.

இரண்டாவது முறை கவிழ்ந்தது போன கிறிஸ்துமஸுக்கு முன்.

எங்கள் பக்கத்தில் வாத்துக்கறியும் அப்பமும் இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் வாத்துக்காரனுக்கு விடியும். கூட்டத்தைப் படகுத்துறைக்குப் பக்கத்து வாய்க்காலுக்குக் கொண்டுவந்து, கரையில் வலை கட்டி அடைத்து, வியாபாரிகளுக்காகக் காத்திருந்தான் அவிராச்சன். வாத்துகள் நன்றாகக் கொழுத்து, சிறகு மினுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட ஒரு தும்மல் இல்லை. ஆனால் ஆற்றுக்கு மேலண்டை ஒருவனுடைய கூட்டத்தில் வாத்துகள் கழுத்து திருகி விழுந்தன. பரிசோதனை முடிவு வந்தது. அழிக்க வேண்டிய இடத்துக்கு வட்டம் போட்டார்கள். வட்டத்தின் கோடு சரியாக அவிராச்சனுடைய வாய்க்கால் மேல் ஓடியது. இக்கரை உள்ளே, அக்கரை வெளியே. அக்கரையில் இருப்பது கருணனுடைய கூட்டம். அவனும் அவிராச்சனும் ஒரே நெல் ஆலையில் மூட்டை தூக்கியவர்கள்.

சாயங்காலம் கால்நடை டாக்டர் நிஷிதா வந்தாள். சின்னப் பெண்தான். போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் வந்து மாட்டுக்கு ஊசி போட்டவள். ஊரில் அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒருவரும் இல்லை.

"சேட்டா, நாளைக்குக் காலைல ஆளுங்க வருவாங்க. வலையைத் திறக்காதீங்க," என்றாள்.

"என் வாத்துக்கு ஒண்ணுமில்ல டாக்டரே. நீங்களே பாருங்க. கண்ணைப் பாருங்க."

"பார்த்தேன் சேட்டா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"நாலு நாள்ல இருக்காது. இருந்தாலும் என்னால விட முடியாது. மேலண்டைல வாத்துக்காரரோட மருமகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரில இருக்கா."

அவிராச்சன் வலையின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். கேட்பதற்கு ஒரு கொடுமைக்காரன் கிடைத்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இங்கே அப்படி ஒருவனும் இல்லை. நியாயம் முழுவதும் அந்தப் பெண் பக்கம் இருந்தது, வாத்து முழுவதும் இவன் பக்கம் இருந்தது. அவள் தயங்கித் தயங்கி மிச்சத்தையும் சொன்னாள். "காலைல... நீங்களே கூப்பிட்டுக் கொடுத்தா நல்லது. சட்டத்துல அப்படித்தான்..."

"தெரியும் மோளே," என்றான் அவன். "நான் சொன்னதுதான்."

விடிந்தபோது வலை திறந்து கிடந்தது. வாத்துகள் எல்லாம் வாய்க்காலில். அவிராச்சன் கரையில் நின்று பார்த்தான். வீட்டுப் பக்கம் திரும்பினான். ஏலிக்குட்டி வாசலில் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இன்னும் வலைக்கயிற்றின் ஈரம்.

"பிழைக்கிறது பிழைக்கட்டும்," என்றாள்.

அவன் அவளைத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தான், கையை நீட்டத்தான் தைரியம் வரவில்லை. அவள் நீட்டிவிட்டாள்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் படகில் வந்து இறங்கினார்கள். நிஷிதாவும் சுகாதார இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். சுலோசனன் மெம்பர், வழக்கத்துக்கு மாறாக, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். காலி வலையைப் பார்த்ததும் நிஷிதாவின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் யார் திறந்தது என்று அவள் கேட்கவில்லை.

"கூப்பிடுங்க சேட்டா," என்றாள்.

அவிராச்சன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். "முடியல," என்று காற்றாகச் சொன்னான். "ராத்திரிலேருந்து தொண்டை கட்டிப்போச்சு."

எந்த ஊரில், எந்த நாளில், யாரிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்வது என்று அவன் யோசிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு அடி பின்னால் போய் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டார். "தொண்டை வலியா? காய்ச்சல் இருக்கா? உடம்பு வலி? வீட்டுல வேற யாருக்காவது?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்தார். இவனை ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைக்க வேண்டும். ஏலிக்குட்டியையும் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மகளும் பேரப்பிள்ளையும் இருக்கிறார்களே, அவர்களையும். ஆம்புலன்ஸ் படகுக்கு அவர் எண்ணை அழுத்திவிட்டார். அந்த அதிகாரமும் அதே சட்டத்தில் இருந்தது.

"வேண்டாம் சாரே, வேண்டாம்," என்று அவிராச்சன் வாய்விட்டுச் சொன்னான். குரல் கணீரென்று வாய்க்காலின் அக்கரை வரை போனது. வெள்ளை உடுப்புக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நிஷிதா இன்ஸ்பெக்டருடைய கையைத் தொட்டு, போனை வைக்கச் சொன்னாள்.

சுலோசனன் பக்கத்தில் வந்தார். கேலி பேசாத சுலோசனனை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். "அவிராச்சா, வேற வழியிருந்தா நான் சொல்லமாட்டேனா?" என்றார். அவிராச்சன் அவரைப் பார்க்கவில்லை. வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையில் இத்தனை வெள்ளை உருவங்களைக் கண்டு வாத்துகள் மிரண்டிருந்தன. மெல்ல மெல்ல அக்கரைப் பக்கம் ஒதுங்கத் தொடங்கின. அங்கே கருணனுடைய வாத்துகள் வலைக்குள்ளிருந்து சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன. இவை அவற்றோடு போய்ச் சேர்ந்தால் வட்டத்தின் கோடு நகரும், அவையும் அழிய வேண்டியதுதான். நிஷிதா அதைச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அக்கரையில் கருணன் வந்து நின்றான். கையில் ஒரு நீண்ட மூங்கில். அவன் அதை ஓங்கவில்லை, தண்ணீரில் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவிராச்சா," என்று கூப்பிட்டான். "உன் வாத்து இங்க வருதுடா."

"தெரியுது."

"நான் அடிச்சு விரட்டணுமாடா? உன் வாத்தை நான் அடிக்கணுமா?"

கருணன் மூங்கிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினான்.

"போன தடவை எனக்கு ஒண்ணும் மிஞ்சல. இந்தத் தடவையாவது விட்டுடுடா. உன்னைக் கும்பிடுறேன். கூப்பிடு."

முன்னால் போன சில வாத்துகள் அக்கரைப் புல்லைத் தொடப் போய்விட்டன. அவிராச்சன் ஏலிக்குட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, வேண்டாம் என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல் நின்றாள். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவன் தண்ணீர் விளிம்பில் இறங்கி நின்றான்.

"ஹோ...ய், ஹோ...ய்..."

வாய்க்கால் முழுவதும் ஒரு கணம் அசையாமல் நின்றது.

"தா."

திரும்பிவிட்டன. அக்கரைப் புல்லைத் தொடப் போனவைகூடத் திரும்பிவிட்டன. இவ்வளவு நேரம் வெள்ளை உடுப்புக்குப் பயந்தவை, இப்போது அந்த உடுப்புகளைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, காலை நேரத்துத் தீனிக்கு வருகிற அதே அவசரம். கரையேறி அவனுடைய காலைச் சுற்றி மொய்த்தன. அவன் அப்படியே பின்னால் நடந்து வலைக்குள் போனான். அவையும் போயின. எம்.எல்.ஏ.க்கள் குழு முன்னால் அவன் சொன்னது அத்தனையும் உண்மை. துரத்த வேண்டியிருக்கவில்லை. ஒன்றுகூடப் பயப்படவில்லை. பயந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

வலையைக் கட்டப் போனார்கள். "ஒண்ணு வரணும்," என்றான் அவிராச்சன்.

எல்லோரும் வாய்க்காலைப் பார்த்தார்கள். கோரைக்குள்ளிருந்து ஒன்று தனியாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நீந்தி வந்தது. அதைக் கோரைக்குள்ளேயே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு அது வந்துகொண்டிருக்கும்போது, வராதே என்று சொல்ல அவனிடம் வேறு குரல் இல்லை. அதோடு, கருணன் இன்னும் அக்கரையில் நின்றுகொண்டிருந்தான். கரையேறிய வாத்து கோணல் காலை இழுத்துக்கொண்டு, நேராக அவனிடம் வந்து தீனிக்காக அவன் கையை முகர்ந்தது. சுலோசனன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, படகு நிற்கிற இடத்துக்கு வேகமாக நடந்து போய்விட்டார்.

அவிராச்சன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வேலை சுத்தமாக, சீக்கிரமாக முடிந்தது. போன தடவை மாதிரி ரகளை எதுவும் இல்லை, சட்டம் நல்லபடியாக வேலை செய்கிறது என்று இன்ஸ்பெக்டர் யாரிடமோ போனில் சொன்னது உள்ளே அவனுக்குக் கேட்டது. மேலண்டைப் பெண் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கருணனுடைய வாத்துகள் தப்பின. கிறிஸ்துமஸுக்குக் கருணன் இரண்டு வாத்தை உரித்துக் கழுவிக் கொண்டுவந்தான். ஏலிக்குட்டி வாங்கி வைத்தாள். யாரும் சமைக்கவில்லை.

அடுத்த படகுப் போட்டிக்கு வாலிபர்கள் வந்து அவனைக் கூப்பிட்டார்கள். "இப்போ என்ன பயம், கரையிலேயே நின்னு பாருங்க," என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவனும் போய் நின்றான். ஊர்ப் படகு ஜெயித்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

நஷ்டஈடு வந்ததும் மறுபடி குஞ்சு வாங்கினார்கள். வேறு என்ன செய்வது, அந்த முதுகை வைத்துக்கொண்டு வேறு வேலை யார் தருவார்? அடுக்களையில் மறுபடி பல்பு எரிந்தது. முதல் நாள் தீனி போடும்போது அவிராச்சன் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் தகரத்தை எடுத்து, ஒரு குச்சியால் தட்டினான். டக், டக், டக். குஞ்சுகள் தகரத்தைப் பார்த்து ஓடிவந்தன.

ஏலிக்குட்டி தீனிக் கிண்ணத்தோடு நின்றாள். "ஏன், கூப்பிடக் கூடாதா? அதுங்களுக்கு உங்க குரல் பழக வேண்டாமா?"

"வேண்டாம்."

"தகரத்தை யார் தட்டினாலும் வருமே."

"அதுக்குத்தான்," என்றான் அவிராச்சன். "அடுத்த தடவை அவங்களே தட்டிக்கட்டும்."